கராஜ் கதவுக்கான ஸ்பிரிங் கிட்: எதைப் பார்த்து வாங்குவது?

மேலேறும் கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்தால் பெருஞ்சத்தம் கேட்கும். அதன் பிறகு மோட்டார் முனகும், கதவு ஒரு சாண் உயர்ந்து நின்றுவிடும். கதவுக்கு மேலே சுவரோடு ஓடும் ஷாஃப்டில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருளின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தால் உடைந்தது அதுதான். கதவின் எடையை உண்மையில் தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் அதைக் கொஞ்சம் தள்ளிவிடுவதோடு சரி.

இணையத்தில் "நீங்களே மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்கும் டார்ஷன் ஸ்பிரிங் (முறுக்கி இறுக்கப்படும் ஸ்பிரிங்) ஜோடிக் கிட் பற்றியது இந்த மதிப்பாய்வு. பெரும்பாலான கிட்டில் இரு முனையிலும் கூம்பு (சுருளின் முனையைப் பிடிக்கும் வார்ப்பு உலோகத் துண்டு) பொருத்திய இரண்டு ஸ்பிரிங், கூம்பின் துளையில் செருகி ஸ்பிரிங்கை முறுக்க இரண்டு முறுக்குக் கம்பி, ஷாஃப்டின் நடுவைச் சுவரோடு பிடிக்கும் நடுத் தாங்கிக்கு ஒரு பேரிங் ஆகியவை இருக்கும். சிலர் கையுறையும் எண்ணெய்க் குப்பியும் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த இரண்டையும் பார்த்து மயங்க வேண்டாம், அவை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஸ்பிரிங்குகளின் தரத்தில் பெரிய குறை சொல்ல இடமில்லை. ஏமாற்றம் வருவது இரண்டு இடங்களில்: தவறான அளவில் வாங்குவது, கிட்டோடு வரும் மட்டமான முறுக்குக் கம்பியை நம்புவது. இந்த இரண்டையும் சரியாகக் கவனித்தால் நிதானமான கை உள்ளவர் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை. கவனிக்காவிட்டால் மிகவும் ஆபத்தான வேலை.

அளவு: நான்கு விவரங்கள்

"16 அடி அகலம், 7 அடி உயரக் கதவுக்குப் பொருந்தும்" என்று மட்டும் எழுதி விற்கும் கிட்டை வாங்கவே வாங்காதீர்கள். ஒரே அகல உயரத்தில் மெல்லிய தகட்டுக் கதவும் உண்டு, உள்ளே காப்பு நுரை நிரப்பிக் கண்ணாடி வைத்த கனமான கதவும் உண்டு. ஸ்பிரிங் தூக்குவது எடையை. அகலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. நல்ல விற்பனையாளர் நான்கு விவரங்களைக் கேட்பார்: கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், சுருளின் நீளம், முறுக்கின் திசை. இவற்றைக் கேட்காமல் பொருளை அனுப்பத் தயாராக இருப்பவரிடமிருந்து விலகிவிடுவது நல்லது.

கம்பியின் தடிமனை ஒற்றைச் சுருளில் அளந்தால் தவறு வரும். ஒட்டி இருக்கும் 20 சுருள்களை எண்ணி, அவற்றின் மொத்த நீளத்தை அளந்து 20-ஆல் வகுக்க வேண்டும். 20 சுருள் நான்கரை அங்குலம் வந்தால் கம்பி 0.225 அங்குலம். 4⅜ அங்குலம் வந்தால் 0.218. நாலேகால் அங்குலத்துக்கும் குறைவாக, 4⅛ வந்தால் 0.207. சரியாக 5 அங்குலம் என்றால் 0.250. சரிபார்ப்பதற்குப் பத்துச் சுருளையும் தனியாக அளந்து பாருங்கள், பாதி வர வேண்டும். முறுக்கு ஏறியிருக்கும் ஸ்பிரிங்கில் சுருள்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கலாம், கணக்கு பிசகும். உடைந்த ஸ்பிரிங்கில் முறுக்கு இல்லை என்பதால் அதில் அளப்பதுதான் நம்பகமானது.

0.218-க்கும் 0.225-க்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று பலரும் விட்டுவிடுவது இங்கேதான். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. நீளம் அதேயாக இருந்தால் தடித்த கம்பியில் சுருள்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்து இந்தச் சின்ன வேறுபாடு தூக்கும் வலுவில் சுமார் 17 சதவீதமாக வெளிப்படும். 70 கிலோ கதவு என்றால் கிட்டத்தட்ட 12 கிலோ கூடவோ குறையவோ இழுக்கும். முறுக்கைக் கால் சுற்று கூட்டியோ குறைத்தோ அந்தக் கதவைச் சரிக்கட்ட முடியாது. ஒன்று பாதியில் நிற்காமல் தானே மேலே ஏறும், அல்லது ஒவ்வொரு முறையும் மோட்டாரின் பல்சக்கரத்தைத் தின்னும்.

உள்விட்டம் எளிது. ஒன்றே முக்கால் அங்குலமும் 2 அங்குலமும்தான் வீட்டுக் கதவுகளில் அதிகம். கூம்பின் மேலேயே 175 அல்லது 200 என்று வார்ப்பில் பதித்திருப்பார்கள். நீளத்தை அளக்கும்போது கூம்பைச் சேர்க்கக் கூடாது, சுருளை மட்டும் அளக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள், உடைந்த இடத்து இடைவெளியைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சில கதவுகளில் இடமும் வலமும் வேறு வேறு நீளத்தில் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும்.

திசைக்கு ஒரு சோதனை. ஸ்பிரிங்கை நிமிர்த்திப் பிடித்தால் முன்பக்கச் சுருள்கள் சாதாரணத் திருகாணியின் மரை போல வலப்பக்கம் நோக்கி ஏறினால் அது வலமுறுக்கு, இடப்பக்கம் ஏறினால் இடமுறுக்கு. வழக்கமான அமைப்பில், உள்ளேயிருந்து கதவைப் பார்த்து நின்றால், நடுத் தாங்கிக்கு இடப்பக்கம் வலமுறுக்கு ஸ்பிரிங்கும் வலப்பக்கம் இடமுறுக்கு ஸ்பிரிங்கும் வரும். பெயர் குழப்பும், அதனால்தான் மாற்றிப் போடுகிறார்கள். திசையைக் காட்டக் கூம்புக்கு வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. ஆனாலும் வண்ணத்தை நம்பாமல் சுருளைப் பாருங்கள். மாற்றிப் போட்டால் முறுக்கும்போது சுருள் இறுகுவதற்குப் பதில் விரியும், கூம்பின் பிடி தளரும். இரண்டு மூன்று சுற்றுக்குள் சுருள் தடிப்பது போலத் தெரிந்தால் உடனே நிறுத்தி இறக்கிவிட வேண்டும்.

முறுக்குக் கம்பிகள்: கிட்டின் பலவீனமான உறுப்பு

கம்பி அரை அங்குல விட்டமும் 18 அங்குல நீளமும் உள்ள உறுதியான எஃகாக இருக்க வேண்டும். உங்கள் கூம்பின் துளை ⅝ அங்குலம் என்றால் கம்பியும் அந்த அளவில் வேண்டும். துளையை முதலில் அளந்துவிட்டு வாங்குங்கள். மலிவான சில கிட்டில் குட்டையான கம்பியைப் போட்டுத் தருகிறார்கள். சிலவற்றில் துளைக்குள் செருகினால் ஆட்டம் தெரியும். இரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல. ஸ்க்ரூடிரைவர், கட்டுமானக் கம்பித் துண்டு, சாக்கெட் ஸ்பேனரின் பிடி என்று கையில் கிடைத்ததைச் செருகுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நழுவினால் அது முகத்தை நோக்கித்தான் வரும்.

இதற்கு அசுர பலம் வேண்டும் என்ற எண்ணம் தவறு. 70 கிலோ கதவுக்கு இரண்டு ஸ்பிரிங் இருந்தால், முழுதாக முறுக்கிய நிலையிலும் கம்பியை ஷாஃப்டிலிருந்து 15 அங்குலம் தள்ளிப் பிடித்தால் கைக்கு வரும் சுமை ஐந்து கிலோவுக்கு அருகில்தான். பாதி நீளக் கம்பியில் அது இரட்டிப்பாகும். விட்டுவிட்டால் தப்பிப்பது கதவையே மேலே தூக்கும் ஆற்றல். ஆகையால் இங்கே கேட்பது வலிமை இல்லை, ஒரு கணம்கூடத் தளராத பிடி. கம்பி கூம்பின் அடிவரை இறங்கியிருப்பது தெரியும்படி அதன் மேல் ஒட்டுநாடாவால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளம் வெளியே தள்ளித் தெரிந்தால் அழுத்தம் கொடுக்கக் கூடாது.

கிட் வாங்கியபின் கம்பியை மட்டும் தனியாக நல்லதாக வாங்க நேர்ந்தால் தயங்காமல் வாங்குங்கள். இந்தத் தொகுப்பில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே உறுப்பு அது.

ஸ்பிரிங்கின் ஆயுள், உலோகம், பேரிங்

சாதாரண ஸ்பிரிங் 10,000 முறைக்கு என்று வடிவமைக்கப்படுகிறது. ஒருமுறை திறந்து மூடினால் ஒரு முறை என்று கணக்கு. நாளுக்கு நான்கு முறை கதவு இயங்கும் வீட்டில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடும். 20,000, 25,000 முறைக்கான ஸ்பிரிங்கும் விற்கிறார்கள். அதே வலுவை இன்னும் தடித்த கம்பியில், இன்னும் நீளமான சுருளில் பெறுவதுதான் அதன் சூட்சுமம். ஷாஃப்டில் நீள இடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்வு செய்யலாம். உழைப்பும் ஆபத்தும் இரண்டுக்கும் ஒன்றுதானே, அடிக்கடி ஏன் செய்ய வேண்டும்?

கறுப்பாக, தொட்டால் கையில் கறை ஒட்டும் ஸ்பிரிங் எண்ணெயில் பதப்படுத்திய எஃகு. வெள்ளி போல் பளபளப்பது துத்தநாகம் பூசியது. பூசியது பார்க்க அழகு, துருவையும் தாமதப்படுத்தும். ஆனால் பொருத்திய பிறகு முறுக்கை இழக்கும் குணம் அதில் கூடுதல், சில மாதங்களில் கால் சுற்று ஏற்ற வேண்டி வரலாம். கறுப்பு ஸ்பிரிங்கே எங்கள் தேர்வு.

கூம்புகள் பொருத்தியே வரும் கிட்டை வாங்குங்கள். பழைய கூம்பை உடைந்த சுருளிலிருந்து கழற்றி புதியதில் ஏற்ற வைஸும் பைப் ரெஞ்சும் வேண்டும், கை சலிக்கும். நடு பேரிங்கும் உருளைக்குண்டு வகையாக இருப்பது நல்லது. சிலவற்றில் நைலான் புஷ் தருகிறார்கள், இலகுவான கதவுக்கு மட்டும் அது போதும்.

ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவு உழைத்தவை, மற்றதன் ஆயுளும் முடிவை நெருங்கியிருக்கும்.

பொருத்தும்போது

கதவு முழுக்க மூடிய நிலையில்தான் வேலை. மோட்டாரின் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். கதவு மேலே நிற்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்தால் மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றைத் தனியாக நின்று இழுக்காதீர்கள், கதவு மொத்தமாக விழும். இரண்டு மூன்று பேர் தாங்கிப் பிடித்து இறக்க வேண்டும். மூடிய பிறகு ஒரு பக்க டிராக்கில், ரோலர் ஒன்றுக்கு நேர் மேலே, சி கிளாம்பையோ வைஸ் பிளையரையோ இறுக்குங்கள். கூடுதல் முறுக்கு ஏறினால் கதவு தானாகப் பாயாமல் அது தடுக்கும்.

உடையாத ஸ்பிரிங்கில் முறுக்கு அப்படியே இருக்கும், அதை முதலில் இறக்க வேண்டும். ஒரு கம்பியைத் துளையில் அடிவரை செருகி, சற்று மேல்நோக்கித் தள்ளிச் சுமையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே, கூம்பை ஷாஃப்டோடு பிடிக்கும் செட் ஸ்க்ரூக்களைத் தளர்த்த வேண்டும். கம்பியை மெல்லக் கீழே இறக்கி, இரண்டாம் கம்பியை அடுத்த துளையில் செருகிச் சுமையை அதற்கு மாற்றி, முதல் கம்பியை எடுக்கவும். இப்படிக் கால் சுற்று கால் சுற்றாக முழுவதும். ஏணி ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். தலை ஒருபோதும் கம்பி சுழலும் பாதைக்குள் வரக் கூடாது.

அதன் பிறகு நடுத் தாங்கியின் இரண்டு போல்ட், ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள டிரம்கள், அவற்றில் சுற்றிக் கதவைத் தூக்கும் கேபிள்கள் எல்லாம் கழற்றி ஸ்பிரிங்குகளைப் பக்கவாட்டில் உருவி எடுக்கலாம். கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தகட்டை மட்டும் முறுக்கு இருக்கும்வரை தொடவே கூடாது. எல்லாம் கழன்றிருக்கும் இந்த நேரத்தில் நடுத் தாங்கி பதிந்திருக்கும் மரத்தைத் தட்டிப் பாருங்கள். விரிசலோ உளுப்போ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டு ஸ்பிரிங்கின் முறுக்கையும் எதிர்த்து நிற்பது அந்த மரத்தில் ஏறிய ஸ்க்ரூக்கள்தான். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதியது போடுங்கள், கிட்டில் அது வராது.

புதியவை ஏறியதும் கேபிளை டிரம்மின் பள்ளத்தில் ஒழுங்காகச் சுற்றி, இரு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஷாஃப்டில் ஒரு வைஸ் பிளையரை இறுக்கி அது திரும்பாமல் நிறுத்துங்கள். இங்கே ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் கதவு கோணலாக ஏறும், பிறகு முழு முறுக்கையும் இறக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு இழுத்துவிட்டு முறுக்கத் தொடங்குங்கள். கோடு திருகித் திருகி ஏறும், அதில் எத்தனை வளையம் என்று எண்ணினால் எத்தனை சுற்று என்று தெரியும். வழக்கமான 4 அங்குல டிரம் உள்ள 7 அடிக் கதவுக்கு ஏழரைச் சுற்று, அதாவது 30 கால் சுற்று. 8 அடிக் கதவுக்கு எட்டரை, அதாவது 34. டிரம்மின் சுற்றளவு பன்னிரண்டரை அங்குலம் சொச்சம், 84 அங்குலம் ஏற ஏழு சுற்றுக்கும் சற்றுக் குறைவாகவே போதும். மீதமுள்ள முறுக்கு கதவு முழுக்க மேலே போன பின்னும் கேபிளை இறுக்கமாக வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் கேபிள் டிரம்மை விட்டுக் கழன்றுவிடும்.

முறுக்க முறுக்க ஸ்பிரிங் நீளும், சுற்றுக்கு ஒரு கம்பித் தடிமன் வீதம். அதற்கு ஷாஃப்டில் இடம் விட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் கூம்பை வெளிப்பக்கமாகக் கால் அங்குலம் தள்ளிவிட்டு செட் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அது உதவும். ஸ்க்ரூ ஷாஃப்டைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று போதும். ஷாஃப்ட் பெரும்பாலும் உள்ளீடற்ற குழாய், அதற்கு மேல் இறுக்கினால் நசுங்கும். பிறகு எந்த ஸ்பிரிங்கையும் அதிலிருந்து உருவுவது பெரும்பாடு.

சரி பார்ப்பது

கிளாம்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, மோட்டாரை இணைக்காமல், கையால் கதவைப் பாதி வரை தூக்கி விடுங்கள். அப்படியே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இறங்கினால் இரண்டு ஸ்பிரிங்கிலும் கால் சுற்று ஏற்றுங்கள், மேலே போனால் கால் சுற்று இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் கதவை மூடி, கிளாம்பு போட்ட பிறகுதான். மொத்தம் ஒரு சுற்றுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் வாங்கிய அளவு தவறு என்று பொருள், முறுக்கால் அதை மறைக்க முயலாமல் திருப்பி அனுப்புங்கள். திருப்பி வாங்கும் விதியை ஆர்டர் செய்யும் முன்பே படித்துக்கொள்வது இதற்காகத்தான்.

சுருள்கள் மேல் மெல்லியதாக எண்ணெய் தெளித்துத் துணியால் துடையுங்கள். மோட்டாரை இணைத்ததும், முன்பு சோர்ந்த ஸ்பிரிங்குக்காக அதன் விசையைக் கூட்டி வைத்திருந்தால் குறைத்துவிடுங்கள். ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள மரத்துண்டைத் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடவிட்டால், தொட்டவுடன் திரும்பி மேலே போக வேண்டும்.

இந்தக் கிட் யாருக்கு வேண்டாம்

ஸ்பிரிங் குழாய்க்குள் மறைந்திருக்கும் அமைப்பு உங்களுடையது என்றால் இந்தக் கிட் பொருந்தாது. கதவின் மேற்பகுதியில் இடம் குறைவென்று ஷாஃப்டை டிராக்கின் பின்கோடியில் வைத்திருந்தாலும், ஷாஃப்ட் வளைந்திருந்தாலும், மேலே சொன்னபடி மரம் கெட்டிருந்தாலும் பழக்கமுள்ள பழுதுநீக்குநரைக் கூப்பிடுங்கள். ஏணியில் நின்று இரண்டு கையையும் நிலையாகப் பயன்படுத்த முடியாதவரும் அப்படியே. கூப்பிட்டாலும் நான்கு அளவுகளையும் நீங்களே எடுத்து வைத்திருந்து, எத்தனை முறைக்கான ஸ்பிரிங் போடுகிறார் என்று கேளுங்கள்.

டிராக்குக்கு இணையாக நீண்டு இழுபடும் எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் என்றால் கிட்டும் வேறு, முறையும் வேறு. கதவை முழுக்கத் திறந்து இரு பக்கமும் கிளாம்பு போட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், முறுக்குக் கம்பியே வேண்டாம். முனையில் பூசியிருக்கும் வண்ணம் அது தாங்கும் எடையைச் சொல்லும்: பச்சை 120 பவுண்ட், மஞ்சள் 130, நீலம் 140, சிவப்பு 150. பழையது மங்கியிருந்தால் கதவுக்கு அடியில் எடை பார்க்கும் கருவியை வைத்து அளந்துகொள்ளுங்கள். உள்ளே ஓடும் பாதுகாப்புக் கேபிள் சேர்த்து விற்கும் கிட்டை மட்டும் வாங்குங்கள். அது இல்லாத ஸ்பிரிங் உடையும்போது துண்டு பறந்து காரையோ ஆளையோ தாக்கும்.

வேலை முடிந்ததும் கம்பித் தடிமன், உள்விட்டம், நீளம், ஏற்றிய சுற்றுகள், பொருத்திய தேதி ஆகியவற்றைக் கதவின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். அடுத்த முறை உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.